கடல் பார்த்து, மழை பார்த்து உலை வைப்பது: கொழும்பு வீடுகளுக்கு ஒரு பருவகாலச் சமையல் வழிகாட்டி

கலியாணமாகிக் கொழும்புக்கு வந்த முதல் வருடம். ஆனி மாதம். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், அறுக்குளாக் குழம்புதான் வைப்பேன் என்று பிடிவாதமாக வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். விலையைக் கேட்டு நான் நின்ற நிலையைப் பார்த்து மீன்காரருக்கே இரக்கம் வந்துவிட்டது. "கடல் எழும்பிக் கிடக்கு அக்கா. இந்த நேரம் இதைத் தேடாதேங்கோ. திருகோணமலைப் பாரை வந்திருக்கு, அதைக் கொண்டு போங்கோ" என்றார். கொண்டு போனேன். பாதி விலை, இரட்டிப்புச் சுவை. அன்றிலிருந்து சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவதை விட்டுவிட்டேன். இப்போது சந்தைக்குப் போய் வந்த பிறகுதான் என்ன கறி என்று முடிவாகும்.

கொழும்பில் இது மற்ற ஊர்களைவிடச் சுலபம். தொடர்மாடியில் இருக்கும் நமக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வளர்ப்பதே பெரும்பாடு என்றாலும், யாழ்ப்பாணத்து லொறியும் நுவரெலியா லொறியும் தம்புள்ளை லொறியும் வந்து சேருவது இங்கேதான். தீவின் எந்தப் பக்கத்தில் எது நன்றாக விளைந்திருக்கிறது என்று தெரிந்தால் வருடம் முழுவதும் நல்ல சாமான் மலிவாகக் கிடைக்கும். தெரியாவிட்டால் வருடம் முழுவதும் கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு, பருப்பு என்று அதே நான்கு கறிகளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

முதலில், காற்று எந்தப் பக்கம்?

இலங்கையில் கோடை, குளிர் என்று பிரித்தால் சமையலுக்கு உதவாது. காற்றை வைத்துப் பிரிக்க வேண்டும்.

வைகாசி முதல் புரட்டாசி வரை, அதாவது மே தொடங்கி செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்போம். கொழும்பு, நீர்கொழும்பு, காலிப் பக்கக் கடல் கொந்தளிக்கும். சிறிய வள்ளங்கள் கரையில் கிடக்கும். அதே நேரத்தில் திருகோணமலை, முல்லைத்தீவு, மட்டக்களப்புப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். மார்கழி முதல் மாசி வரை வாடைக்காற்று. அப்போது கதை மாறும்: கிழக்கில் கடல் குமுறும், நம் பக்கம் குளம்போலக் கிடக்கும். இடையில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே மீன் கணக்கில் பாதி முடிந்தது. நம் கரை அமைதியாக இருக்கும்போது நம் கரை மீன், கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை மீன். கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வானிலை அறிக்கையும் தேவையில்லை. இரவில் அலைச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் காலையில் நெத்தலி விலை ஏறியிருக்கும்.

அடுத்தது நெல். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியை ஒட்டி வரும். சிறுபோகம் ஆவணி, புரட்டாசியில். புது அரிசி தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். பழைய சிவப்பு நாட்டரிசிக்கு விடும் தண்ணீரை அப்படியே விட்டால் களியாகிவிடும். ஒரு கோப்பைக்குக் கால் கோப்பை தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். "இந்த முறை அரிசி சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், அது புது அரிசியா என்று கேளுங்கள்.

மரக்கறிக்கு ஒரு பொது விதி போதும். மலைநாட்டில் விடாமல் மழை கொட்டும் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் கரட், லீக்ஸ், கோவா எல்லாம் விலை ஏறும், தரமும் இறங்கும். அந்த மாதங்களில் கிழங்கு, கீரை, பூசணி, வாழைக்காய் என்று தாழ்நிலச் சாமானுக்கு மாறிவிடுங்கள்.

சந்தையில் எதை, எங்கே, எப்படி

கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மெனிங் மொத்த மரக்கறிச் சந்தை இப்போது பேலியகொடைக்குப் போய்விட்டது. மொத்த மீன் சந்தையும் அங்கேதான். வாகனமும் விடியற்காலையில் எழும்பும் மனமும் இருந்தால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மாதம் ஒருமுறை போய் வரலாம். தேங்காய், சின்ன வெங்காயம், பூசணி, கிழங்கு போன்ற, கொஞ்ச நாள் தாங்கும் சாமானுக்கு அது சரி. கீரைக்கும் மீனுக்கும் பக்கத்துச் சந்தையே மேல். வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று எதுவானாலும், ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். விலையில் பத்து ரூபாய் கூடினாலும் "இண்டைக்கு இதை எடுக்காதேங்கோ" என்று சொல்லும் ஒருவர் கிடைப்பார். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் பதினைந்து வருடமாகக் கடை மாற்றவில்லை.

மீனில் கேட்க வேண்டிய கேள்வி "புதுசா?" என்பதல்ல. அதற்கு ஒரே பதில்தான் வரும். "பலநாள் படகு மீனா, ஒருநாள் படகு மீனா?" என்று கேளுங்கள். சூரை, கெலவல்லா (மஞ்சள்துடுப்புச் சூரை) போன்றவை பெரும்பாலும் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகில் ஐஸில் கிடந்து வருபவை. சாளை, நெத்தலி, கீரிமீன், விளைமீன் கரையோரத்தில் பிடித்து அன்றன்றே வருபவை. கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும், பூ (செவுள்) சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் மேலெழும்ப வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. சூரை வகைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அது வெயிலில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் நாக்கு சுணைக்கும், முகம் சிவக்கும், தலை இடிக்கும். வெட்டிய துண்டு பலகையில் மினுமினுவென்று வானவில் நிறம் காட்டினால் எனக்கு ஏனோ கை போகாது. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றாலும், ஐஸ் இல்லாத பலகையில் அந்த மீனை வாங்காதீர்கள்.

கீரையைக் காலையில் வாங்குங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் மூன்றும் ஈரநிலத்தில் வளர்பவை. மழைக் காலத்தில் சேறும் பூச்சியும் சேர்ந்தே வரும். உப்புக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிறகு மூன்று முறை அலச வேண்டும். கடைசித் தண்ணீரின் அடியில் மண் தெரியாவிட்டால்தான் முடிந்தது.

அடுப்படியில் தயாராக இருக்க வேண்டிய மூன்று

பருவத்துக்குப் பருவம் காய் மாறும். தூள், பால், புளி மாறாது.

தூள்: வீட்டில் நான் திரிக்கும் அளவு இது. செத்தல் மிளகாய் 250 கிராம், மல்லி 250 கிராம், பெருஞ்சீரகம் 50 கிராம், நற்சீரகம் 25 கிராம், மிளகு 25 கிராம், வெந்தயம் 15 கிராம், விரல் நீள மஞ்சள் ஒன்று, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டினால் மல்லி வறுபடும் முன் வெந்தயம் கருகிக் கசக்கும். மிளகாயைக் கடைசியில், மிதமான நெருப்பில், நிறம் கொஞ்சம் கருஞ்சிவப்பாகும் மட்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் இதைச் செய்வதற்கு முன் மேல்மாடிக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் வறுத்து, மூன்று மாடியும் இருமியது. ஆறவிட்டுத்தான் மில்லுக்குக் கொண்டு போக வேண்டும். சூட்டோடு அரைத்துப் போத்தலில் அடைத்தால் வியர்த்துக் கட்டி விழும். இந்தக் கடற்காற்றில் இரண்டு மாதத்துக்கு மேல் தூளின் வாசம் நிற்காது. ஒரு வருடத்துக்குத் திரித்து வைக்கும் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தேங்காய்ப்பால்: ஒரு நடுத்தரத் தேங்காயின் பூவுக்கு அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீர் விட்டு நன்றாகப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். அதே பூவுக்கு ஒன்றரைக் கோப்பை விட்டால் இரண்டாம் பால், இன்னொரு தரம் விட்டால் தண்ணிப்பால். காய் வேகத் தண்ணிப்பாலும் இரண்டாம் பாலும், முதற்பால் கடைசியில். விட்டபின் கொதிக்கவிடாமல், ஓரத்தில் குமிழி வரும் நேரம் இறக்குங்கள். தேசிக்காயைச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிச் சூடு தணிந்த பிறகே பிழிய வேண்டும். சொதி திரைந்து போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இந்த அவசரம்தான். தேங்காய் பறிப்பு உச்சத்தில் இருப்பது வைகாசி, ஆனியில். குருநாகல், புத்தளம், கம்பஹா முக்கோணத்தில் இருந்து நல்ல காய் இறங்கும். வருடக் கடைசியில் காய் குறைந்து விலை ஏறும். 2024 இன் இறுதியில் ஏறிய விலைக்குப் பிறகு, பாற்கறி ஒன்று இருந்தால் அன்று மற்றதெல்லாம் பிரட்டலும் வறையும் என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது.

புளி: பழப்புளி, தேசிக்காய், கொறுக்காய்ப்புளி மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பழப்புளி மீன் குழம்புக்கும் கூழுக்கும். தேசிக்காய் சொதிக்கும் சம்பலுக்கும். கொறுக்காய்ப்புளி நாள்பட வைக்கும் மீனுக்கும், பிஞ்சுப் பலாவுக்கும். தென்பகுதிச் சமையலின் சாமான் அது. எங்கள் அம்மாவின் அடுப்படியில் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் கையில் நாலு கறுத்த துண்டைத் தந்து பழக்கியது.

தை முதல் பங்குனி: கடல் நம் பக்கம்

வருடத்தில் சமைப்பதற்கு மிகச் சுகமான காலம். சாளையும் நெத்தலியும் மலியும். யாழ்ப்பாணத்து லொறியில் பனங்கிழங்கும் இராசவள்ளிக்கிழங்கும் வரும். இராசவள்ளியைத் தோல் சீவி அவித்து, மசித்து, சீனியும் முதற்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கிண்டினால் ஊதா நிறக் களி. அதற்குமேல் அதில் கைவைக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒடியல் கூழுக்கு ஒதுக்குங்கள். பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது முதலாவதன் மா. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் வருடம் முழுவதும் கிடைக்கும். மீன்தான் இந்த மாதங்களில் சரியாக வரும். ஆறு பேருக்கு:

ஒன்று. 150 கிராம் ஒடியல் மாவை இரண்டு கோப்பை தண்ணீரில் கரைத்து மூன்று மணித்தியாலம் வையுங்கள். மா அடியில் தங்கும். மேல் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம் அப்படியே. கசப்பு போவது இதில்தான். அவசரப்பட்டவர் கூழைத் தேன் ஊற்றினாலும் காப்பாற்ற முடியாது.

இரண்டு. இருபது செத்தல் மிளகாயை ஊறவைத்து உப்போடும் ஒரு தேக்கரண்டி மிளகோடும் பசையாக அரைத்து வையுங்கள். தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து வையுங்கள்.

மூன்று. பெரிய பானையில் மூன்று லீற்றர் தண்ணீர். கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பாதியாகப் பிளந்த பலாக்கொட்டை இருபது, சிறு துண்டுகளாக்கி, ஒரு கொதி கொதிக்கவைத்து வடித்த மரவள்ளிக்கிழங்கு 200 கிராம். கொட்டை பாதி வெந்ததும் பயிற்றங்காய் ஒரு பிடி.

நான்கு. உடைத்த நண்டு நாலு, மீன் தலையும் சிறுமீனுமாக அரைக் கிலோ. பத்து நிமிடம் கழித்து இறால் கால் கிலோ, கணவாய் கொஞ்சம். கணவாயைக் கடைசியில் போடாவிட்டால் றப்பர்.

ஐந்து. மிளகாய்க் கூட்டு, பிறகு ஒரு பிடி முருங்கை இலை. நெருப்பைக் குறையுங்கள்.

ஆறு. ஊறிய மாவைப் புளிக்கரைசலில் கலந்து, ஒரு கையால் ஊற்றி மறு கையால் துழாவிக்கொண்டே சேருங்கள். கட்டி விழுந்தால் அந்தப் பழி துழாவாத கைக்கு. பத்து நிமிடத்தில் அகப்பையின் முதுகில் படியும் தடிப்பு வரும். இறக்கிவிடுங்கள், ஆற ஆற இன்னும் தடிக்கும்.

பனையோலைப் பிளாவில் குடிப்பதுதான் முறை. இங்கே பிளாவுக்கு எங்கே போவது? அகன்ற கோப்பையில் கொடுங்கள், ஆனால் கரண்டி வைக்காதீர்கள். தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

மரவள்ளியில் ஒரு கவனம். அதன் இயற்கையான நச்சு சூட்டில் ஆவியாகவும் தண்ணீரில் கரைந்தும் போவது. தனியாக அவிக்கும்போது தோலைத் தடிப்பாக உரித்து, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கூழுக்கும் அப்படி ஒரு கொதி கொதிக்கவைத்து வடித்த பிறகே சேர்ப்பேன். நீலம் பாய்ந்த கிழங்கு வேண்டாம். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி சேர்க்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. என் மாமியார் அன்று இஞ்சிப் பிளேன்ரீகூடத் தரமாட்டார். நானும் வாதிடுவதில்லை.

சித்திரை: பிஞ்சும் காயும்

வெக்கை. அடுப்புக்கு முன்னால் நிற்கவே மனம் வராது. இந்த மாதத்துக்கு மாங்காய் போதும். பச்சை மாங்காயைத் துருவி, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்து இடித்தால் சம்பல். சோறு, ஒரு சொதி, முடிந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சித்திரைக் கடைசியில் எட்டிப் பார்க்கத் தொடங்கும். பெயரில் கொழும்பு இருக்கிறதே தவிர, வாழ்வது யாழ்ப்பாணத்தில். என்னைப் போன்றவர்களுக்கு நேர் எதிர்.

பிஞ்சுப் பலா, சிங்களத்தில் பொலொஸ், இந்தக் காலத்தில் நன்றாகக் கிடைக்கும். சுத்தம் செய்து துண்டு போட்டுப் பையில் விற்பதை வாங்கினால் வேலை மிச்சம், ஆனால் எப்போது வெட்டியது என்று தெரியாது. முழுப் பிஞ்சு வாங்கினால் கத்திக்கும் இரண்டு கைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பூசாமல் வெட்டி, பால் ஒட்டிய கையோடு கதவுப் பிடியைத் தொட்டு, அந்தக் கறை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ஒரு கிலோ துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் போட்டு வையுங்கள். மண்சட்டியில் வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, றம்பை, கறுவாத் துண்டு, இரண்டு மேசைக்கரண்டி வறுத்த தூள், ஊறிய கொறுக்காய்ப்புளி மூன்று துண்டு, உப்பு, மூன்று கோப்பை இரண்டாம் பால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மிகக் குறைந்த நெருப்பில் ஒன்றரை மணித்தியாலம். பால் வற்றி நிறம் கருஞ்சிவப்பாகும். முதற்பாலைச் சேர்த்து இன்னும் கால் மணித்தியாலம். அன்றைக்குச் சாப்பிடாதீர்கள். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் இறைச்சியைத் தேட மாட்டீர்கள்.

கேஸ் செலவு யோசிக்கிறவர்களுக்கு: பிரெஷர் குக்கரில் இரண்டாம் பாலோடு இருபது நிமிடம் அவித்து, பிறகு மண்சட்டிக்கு மாற்றி வற்ற விடுங்கள். 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கண்டுபிடித்த வழி. மெதுவாக வெந்ததன் சுவையில் எண்பது வீதம் வந்துவிடும்.

வைகாசி முதல் ஆவணி: பலாவும் ஈரப்பலாவும்

மழை தொடங்கியதும் மரங்கள் சோறு போடத் தொடங்கும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1951 இலேயே இலங்கையில் சட்டம் வந்திருக்கிறது. உணவு மரம் என்பதால்தான். அதற்கும் முன்பு பாணந்துறைப் பக்கத்து ஆதர் வி. டயஸ் என்பவர் நாடு முழுவதும் பலாக்கன்று நடுவதையே இயக்கமாக நடத்தி, 'கொஸ் மாமா' என்று பெயர் வாங்கினார். கொஸ் என்றால் சிங்களத்தில் பலாக்காய். தென்பகுதியில் பலாமரத்தையே சோற்று மரம் என்கிறார்கள். அரிசி தட்டுப்படும்போது அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று தெரியும்.

முற்றிய பலாக்காயின் சுளையைக் கீறி, மஞ்சள், பச்சை மிளகாய், வெந்தயம் போட்டுத் தண்ணிப்பாலில் அவித்தால் பதினைந்து நிமிடத்தில் பஞ்சாகும். ஒரு தேக்கரண்டி கடுகும் இரண்டு பல் உள்ளியும் அரைத்துச் சேர்த்து முதற்பால் விட்டு இறக்குங்கள். இதைச் சோற்றோடு அல்ல, சோற்றுக்குப் பதிலாக, கட்டைச் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் வைத்துச் சாப்பிட வேண்டும். கடல் எழும்பிக் கிடக்கும் மாதங்களில் கருவாடு இல்லாமல் கரையாது.

ஈரப்பலாக்காய்க்கும் அதே செய்முறைதான். தெரிவு செய்வதில்தான் வித்தை. தோலின் முள் எழும்பி, கடும்பச்சையாக இருந்தால் பிஞ்சு. வெந்தாலும் சவ்வுபோல இருக்கும். முள் தட்டையாகி, பச்சை கொஞ்சம் மஞ்சளோடி, தோலில் காய்ந்த பால் பொட்டுப்பொட்டாக ஒட்டியிருந்தால் அதுதான் பதம். அழுத்தினால் அமுங்கினால் பழுக்கத் தொடங்கிவிட்டது, கறிக்கு உதவாது. வாங்கினால் நாளைக்குள் சமைக்க வேண்டும். முடியாவிட்டால் முழுக் காயாகவே வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மெல்லிய சீவல்களாக்கி உப்புத்தூள் பிரட்டித் தேங்காய் எண்ணெயில் பொரித்தால், மழை பெய்யும் பின்னேரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அம்பரலங்காயும் இக்காலத்தில் மலிவு. கொட்டையோடு நான்காகப் பிளந்து, தூளும் கறுவாவும் போட்டு, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி சீனி. ஆடிப்பிறப்புக்கு ஒரு நாள் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாட்களில் தெருவெல்லாம் மல்வானை றம்புட்டான் தோலாகக் கிடக்கும். சமைக்க ஒன்றும் இல்லை, சாப்பிட வேண்டியதுதான்.

மீன் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால், நல்ல கெலவல்லா கிடைத்த அன்று புளித் தீயல் வைத்துவிடுவேன். சிங்களத்தில் அம்புல் தியல். அரைக் கிலோவை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக்கிக் கழுவித் தண்ணீர் வடியவிடுங்கள். கொறுக்காய்ப்புளி ஆறு துண்டைச் சுடுநீரில் ஊறவைத்து, ஒரு மேசைக்கரண்டி மிளகு, மூன்று பல் உள்ளி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்போடு அரைத்து மீனில் பிரட்டுங்கள். சட்டியின் அடியில் றம்பையும் கறிவேப்பிலையும் பரப்பி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, அரைக் கோப்பை தண்ணீர், ஒரு துண்டு கறுவா. மெல்லிய நெருப்பில் தண்ணீர் முழுவதும் வற்றி, துண்டு கறுத்துக் காயும் வரை, அரை மணித்தியாலம் அளவில். அகப்பை போடாதீர்கள், சட்டியைக் குலுக்குங்கள். இதில் மிளகாய் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போர்த்துக்கேயரோடு மிளகாய் வருவதற்கு முன் இந்தத் தீவின் உறைப்பு மிளகில்தான் இருந்தது. ஈரக் கரண்டி படாவிட்டால் இரண்டு மூன்று நாள் வெளியிலேயே இருக்கும். பிரிட்ஜில் ஒரு வாரம்.

புரட்டாசி முதல் மார்கழி: கீரையும் விரதமும்

புரட்டாசிச் சனி, நவராத்திரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று அடுத்தடுத்து மரக்கறி நாட்கள் வரும். மலைநாட்டுக் காய் விலை ஏறுவதும் அப்போதுதான். பூசணிக்காய்ப் பாற்கறி, வாழைக்காய்ப் பிரட்டல், சேப்பங்கிழங்கு, வாழைப்பூ வறை ஆகியவற்றை வாரத்தில் மாற்றி மாற்றி வையுங்கள்.

கீரையில் இரண்டைக் கற்றுக்கொண்டால் போதும். வல்லாரைச் சம்பலுக்கு இலையைக் கற்றையாகப் பிடித்து நூல்போல அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து, மேசைக்கு வைக்கும் நேரத்தில்தான் தேசிக்காய். முந்திப் பிழிந்தால் கறுத்துத் தண்ணீர் விடும். வறைக்குத் தாச்சியைக் காயவைத்து, அரிந்த கீரையும் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உப்பும் போட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் பிரட்டி இறக்கிவிடுங்கள். நிறம் இன்னும் பச்சையாக இருக்கும்போதே. சிங்களவரின் 'மெல்லும்' எங்கள் வறையின் தங்கைதான். அவர்கள் மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவார்கள், விரதமில்லாத நாளில் நானும் போடுவேன்.

அடைமழைக் காலைகளுக்கு இலைக்கஞ்சி. அரைக் கோப்பை சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, ஒரு கட்டு வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றையும் ஒரு கோப்பை தேங்காய்ப்பாலையும் விட்டு, ஒரு கொதி வரும் முன் இறக்க வேண்டும். ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. பிள்ளைகள் முகம் சுளிக்கும். கருப்பட்டியைப் பெரிதாகக் கொடுங்கள்.

பழுதாகாமல் வைப்பது

கொழும்பின் ஈரம் ஊறுகாய்க்கு எதிரி. யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் வெயிலில் உலரும் மாங்காய், இங்கே பால்கனியில் ஒரு கிழமை கிடந்தாலும் மனம் வைக்காது. முதல் வருடம் ஒரு பெரிய போத்தல் முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கொட்டினேன். இப்போது உப்பிட்ட துண்டுகளை மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு, அடுத்த நாள் பங்குனி வெயிலில் மொட்டை மாடியில், போத்தலைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்து, பிறகுதான் போடுவேன். பங்குனியில் முடியாவிட்டால் அந்த வருடம் ஊறுகாய் இல்லை. கறிவேப்பிலையைக் கழுவாமல், கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு கிழமை நிற்கும். கருவாட்டையும் கடதாசியில் சுற்றி உறைநிலைத் தட்டில்.

பலாக்கொட்டை ஒன்றுதான் பிரிட்ஜ் கேட்காத சாமான். ஆனி, ஆடியில் தின்ற பலாப்பழத்தின் கொட்டைகளைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, பழைய பூச்சாடியில் காய்ந்த மணலைக் கொட்டி, ஒன்றோடொன்று படாமல் அடுக்கடுக்காகப் புதைத்து வையுங்கள். பால்கனியில் சாரல் படாத மூலை வேண்டும். மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து, முளை விட்டதை எடுத்துக் கறிக்குப் போட்டுவிடுங்கள். மிச்சம் தை மாதத்துக் கூழுக்கு.